வாலறுந்த பல்லியும் தலைமறைவான அக்காவும்: சங்கேதக் குறுக்கெழுத்துக்கு ஒரு முதல் பாடம்

வாலறுந்த பல்லி வாய்க்குள் இருப்பது (2)

ஒரு நாள் காலையில் நண்பர் இந்த வரியைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் திணித்தார். "அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது எழுத்துக் கணக்கு. சாயங்காலம் விடை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிங்கப்பூரில், ஈசூனில் ரயில் ஏறினேன். பல்லியின் வாய்க்குள் என்ன இருக்கும்? கொசு. இரண்டு எழுத்துதான், கணக்குச் சரி. ஆனால் கொசுவைத் தின்பதற்கு வால் எதற்கு அறுந்திருக்க வேண்டும்? அந்தக் கேள்வி தோ பாயோ வரை கூடவே வந்தது. அங்கே கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. வால் அறுந்தது பல்லிக்கு இல்லை, "பல்லி" என்ற சொல்லுக்கு. ப, ல், லி. கடைசி எழுத்தை வெட்டினால் பல். வாய்க்குள் இருப்பது.

சங்கேதக் குறுக்கெழுத்து என்பது இவ்வளவுதான். ஒவ்வொரு குறிப்பிலும் விடைக்கு இரண்டு வழி இருக்கும். ஒன்று நேர்பொருள், "வாய்க்குள் இருப்பது" என்பதைப் போல. இன்னொன்று எழுத்து விளையாட்டு, "வாலறுந்த பல்லி" என்பதைப் போல. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வாக்கியமாக நின்று, பல்லியைப் பற்றி ஏதோ சொல்வதாகப் பாசாங்கு செய்யும். சாதாரணக் குறுக்கெழுத்தில் விடை சரியா என்று அடுத்த வாரம் இதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் விடை சரி, யாரையும் கேட்க வேண்டாம்.

இது இங்கிலீஷ்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஔவையார் பாடியதாக வழங்கும் "எட்டேகால் லட்சணமே" பாட்டைப் பள்ளிக்கூடத்தில் சிரித்துக்கொண்டே படித்தவர்கள்தானே நாம்? பழைய தமிழ் எண்ணில் எட்டுக்கு "அ", காலுக்கு "வ". சேர்த்தால் அவலட்சணம். "எமனேறும் பரி" என்றால் எருமை. "கூரையில்லா வீடு" என்றால் குட்டிச்சுவர். கம்பர் போட்ட விடுகதைக்கு விடையான ஆரைக்கீரையையும் "ஆரையடா சொன்னாய்" என்று அதே பாட்டின் கடைசி வரியில் ஒளித்துவைத்துவிட்டதாகக் கதை. காளமேகத்தின் சிலேடைகளும் இந்த வகைதான். கட்டம் போட்ட குறுக்கெழுத்துதான் வெளியிலிருந்து வந்தது. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வெளியிட்டதுதான் முதல் புதிர் என்பார்கள். அதைச் சங்கேதமாகத் திருகிவிட்டவர்கள் பிரிட்டிஷ்காரர்கள்.

முதல் வேலை: வெட்டு விழும் இடத்தைப் பிடிப்பது

குறிப்பைக் கையில் வாங்கியதும் அதன் கதையை நம்பாதீர்கள். நேர்பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் முடிவில் இருக்கும். நடுவில் வராது. ஆகவே முதல் இரண்டு மூன்று சொற்களை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். அப்புறம் கடைசிச் சொற்களை மறைத்துப் படியுங்கள். எந்தப் பக்கம் ஒரு பொருளை வர்ணிப்பதுபோல் இருக்கிறதோ அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

சாவியைத் திருப்பினால் நாட்டுக்குள் நுழைய அனுமதி (2)

"சாவியைத் திருப்பினால்" என்பது கதவு திறக்கும் காட்சியைக் கண்முன் கொண்டுவருகிறது. அந்தக் காட்சியை மறந்துவிட்டு, "நாட்டுக்குள் நுழைய அனுமதி" என்பதை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நின்ற யாருக்கும் விடை தெரியும். சாவியைத் திருப்பிப் போட்டால் விசா. எனக்குத் தெரிந்த தமிழ்க் குறிப்புகளில் இவ்வளவு சுத்தமானவை அதிகமில்லை. ஒரு சொல்கூட வீண் இல்லை.

எழுத்து எண்ணிக்கையில் கவனம் வேண்டும். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் ஒரு கட்டம். சிங்கப்பூர் என்றால் சி, ங், க, ப், பூ, ர் என்று ஆறு. புதிதாக வருபவர்கள் புள்ளி வைத்த எழுத்தை எண்ணாமல் விட்டுவிட்டு, விடை பொருந்தவில்லை என்று அரைமணி நேரம் முட்டிக்கொள்வார்கள். நானும் முட்டிக்கொண்டவன்தான்.

இரண்டாவது: ஏவல் சொல்லைத் தேடுவது

எழுத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சொல் ஒன்று குறிப்பில் இருக்கும். மேலே பார்த்த "வாலறுந்த", "திருப்பினால்" இரண்டும் அந்த வகை. பழகப் பழக இவை கண்ணில் தானாகப் படும்.

குழம்பிய, கலைந்த, கெட்ட, உடைந்த, தடுமாறிய என்றெல்லாம் வந்தால் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைக் கலைத்து அடுக்க வேண்டும்.

குழம்பிப்போன நகரம் பாவம் செய்தவர் போகுமிடம் (4)

ந, க, ர, ம். இரண்டு எழுத்தை இடம் மாற்றினால் நரகம். மாலை ஆறு மணிக்குச் சிட்டி ஹாலில் ரயில் மாறுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே, உள்ள, ஒளிந்த, அகத்தே என்று வந்தால் விடை கண்ணுக்கு எதிரிலேயே கிடக்கலாம்.

பாதிபோக விதைத்ததில் உள்ள புலவரின் விளைச்சல் (3)

சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மறந்துவிட்டு எழுத்தை மட்டும் பாருங்கள்: பா தி போ க வி தை த் த தி ல். புலவர் அறுவடை செய்தது கவிதை. ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு புதிரிலும் முதலில் இந்த வகையைத்தான் தேடுவேன். மூளையைக் கசக்க வேண்டாம், கண் இருந்தால் போதும்.

"உள்ளே" என்பதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவது.

பாசத்துக்குள் பத்து வைத்து இலையில் ஊற்றும் இனிப்பு (4)

பழைய தமிழ் எண்களில் பத்துக்கு "ய". பாசம் என்ற சொல்லுக்குள் "ய" நுழைந்தால் பாயசம். க ஒன்று, உ இரண்டு, எ ஏழு, அ எட்டு, ய பத்து. இந்த ஐந்தை மனப்பாடம் செய்துகொண்டால் ஓரெழுத்து தேவைப்படும் இடங்களில் பாதியைச் சமாளித்துவிடலாம்.

தலை என்றால் முதல் எழுத்து. வால், கால், கடைசி என்றால் இறுதி எழுத்து. இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கொடுத்துவைத்திருக்கும் மரபுத்தொடர்களை வேறு எந்த மொழியாவது கொடுத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். தலைமறைவு, தலைகுனிவு, வாலாட்டுவது, தலைகீழ், அடிமுடி காணாதது எல்லாமே ஏவல் சொற்கள்.

தலைகால் தெரியாத சிபாரிசால் முல்லைக்குத் தேர் தந்த வள்ளல் (2)

சிபாரிசில் தலையும் காலும் போனால் பாரி.

இரட்டைப் பொருளில் எழுத்து விளையாட்டே இருக்காது. இரண்டு நேர்பொருள்கள் தோளோடு தோள் நிற்கும்.

வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் சிங்கப்பூர்ப் பணம் (3)

வெள்ளி. இதை நான் ஊரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பியபோது, "டாலர்னு போட்டா நாள் வரலையே மாப்ள" என்று பதில் வந்தது. கோப்பிக்கு எத்தனை வெள்ளி என்று தினமும் கேட்கிற நமக்கு அது ஒரு நொடியில் விழும். பிறகு இந்தச் சிக்கலுக்கு வருகிறேன்.

ஒலியை வைத்து விளையாடுவதும் உண்டு. "காதில் விழுந்தது", "என்று கேட்டது" என்று வந்தால் விடை இன்னொரு சொல்லைப்போல ஒலிக்கும் என்று பொருள்.

பாதி காதில் விழுந்தது வாடகைக்கு விடுவது (2)

அரை காதில் அறை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டவர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாவது: இலக்கணம் தரும் இலவச உதவி

ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. கட்டம் அமைப்பவருக்கு இது தலைவலி, ஏனென்றால் இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் சந்திப்பது அரிது. அவிழ்ப்பவருக்கோ அதிர்ஷ்டம். குறுக்கே போகும் சொல்லிலிருந்து "ரி" என்று ஓர் எழுத்து கிடைத்தாலே விடை பாதி முகம் காட்டிவிடும்.

பள்ளியில் வெறுத்து ஒதுக்கிய நன்னூல் இங்கே சோறு போடும். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. க், ச், த், ப் இந்த நான்கும் தங்கள் வரிசை எழுத்தைத் தவிர வேறொன்றோடு சேராது. ஆகவே விடை கடன்சொல்லாக இல்லாவிட்டால், கட்டத்தில் ஓர் இடத்தில் "க்" விழுந்ததும் அடுத்த கட்டம் க, கா, கி, கீ என்று அந்த வரிசைக்குள்தான். "ங்" வந்தால் அடுத்தது அநேகமாக க வரிசை, "ந்" வந்தால் அநேகமாக த வரிசை. விடையின் கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் வருகிறது என்றால் எங்கோ தவறு செய்துவிட்டீர்கள், இல்லையென்றால் அது கடன்சொல். கட்டத்தில் இரண்டு எழுத்து விழுந்த பிறகு குறிப்பைப் படிக்காமலே விடையை ஊகித்துவிடும் ஆட்களை எனக்குத் தெரியும். அது கெட்ட பழக்கம், ஆனால் வேலை செய்கிறது.

அகராதி பார்ப்பது தோல்வி இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைய வழக்குக்குக் க்ரியா அகராதி நல்லது. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினால் தேடியது கிடைக்காது, தேடாதது பத்து கிடைக்கும்.

நான்காவது: விடை கிடைத்த பிறகு திரும்பிப் போவது

பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். விடை கிடைத்தது, கட்டம் நிரம்பியது, சரி. என்னைக் கேட்டால் விளையாட்டின் பாதி இனிமேல்தான். விடையைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பின் ஒவ்வொரு சொல்லின் மேலும் விரல் வைத்துக் கேட்க வேண்டும்: நீ இங்கே என்ன செய்கிறாய்? எல்லாச் சொல்லும் பதில் சொன்னால் குறிப்பு நேர்மையானது. ஒரு சொல் விழித்தால் எழுதியவர் நழுவியிருக்கிறார்.

ஆங்கிலத்தில் இந்த நேர்மைக்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1926 முதல் அப்சர்வர் இதழில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் எழுதியவர் யார் கேட்டாலும் கவலைப்படாமல் தன் இஷ்டத்துக்கு முடிச்சுப் போட்டார். பிறகு அஃப்ரிட் என்பவர் 1949இல் ஒரு நெறியை வகுத்தார்: எழுதுபவர் தான் சொல்வதையே கருத வேண்டும் என்பதில்லை, ஆனால் கருதுவதைச் சொல்லியிருக்க வேண்டும். அதாவது ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது. டார்க்கிமாடாவின் இடத்துக்கு வந்த சிமினீஸ் 1966இல் இந்த விதிகளை விரிவாக எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்த ஏஸெட் அதையெல்லாம் மூன்றாகச் சுருக்கினார்: துல்லியமான நேர்பொருள், நியாயமான துணைக்குறிப்பு (அதாவது எழுத்து விளையாட்டு), வேறு எதுவும் கூடாது. வேடிக்கை என்னவென்றால் டார்க்கிமாடா, சிமினீஸ் என்ற புனைபெயர்கள் இரண்டுமே ஸ்பெயினில் சித்திரவதைக்குப் பெயர்போன மத விசாரணை அதிகாரிகளுடையவை. டெசா என்பவரும் அப்படி ஒருவர். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டதுதான் ஏஸெட்.

"வேறு எதுவும் கூடாது" என்ற மூன்றாவது விதி எவ்வளவு கடுமையானது என்று நான் தெரிந்துகொண்டது ஒரு சனிக்கிழமை, கோப்பிக்கடையில். நாங்கள் மூன்று பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கப்பல் பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர், நான். அன்று நானே எழுதிய முதல் குறிப்பைப் பெருமையாக நீட்டினேன்.

தே குடித்துவிட்டுத் தலைமறைவான அக்கா சுற்றிய சந்தை (3)

தம்பி அரை நிமிடத்தில் விடையைச் சொல்லிவிட்டார். தேநீருக்கு நாம் சொல்லும் "தே"யோடு அக்காவின் தலையை எடுத்துவிட்டுச் சேர்த்தால் தேக்கா, லிட்டில் இந்தியாவின் சந்தை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, குடிச்சுட்டுங்கிறது எதுக்கு?"

"கதைக்குத்தான் தம்பி. தே குடிக்கத்தானே செய்வாங்க."

"கதைக்குச் சரி. எழுத்துக்கு அது என்ன வேலை பாக்குது?"

பதில் இல்லை. அவர் விடவில்லை. "சுற்றிய" என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் ஓர் எழுத்தை இன்னொன்று சூழ்ந்திருக்கிறது என்று நினைத்து அக்காவைச் சுற்றி எதையோ வைத்துப் பார்த்தேன் என்றார். ஏவல் சொல்போல் இருந்துகொண்டு ஏவாத சொல் அது. சும்மா கிடக்கும் சொல்லைவிட மோசம். நான் சீட்டைத் திருப்பி வாங்கி அங்கேயே மாற்றி எழுதினேன்.

முன்னால் தே இருக்கத் தலைமறைவான அக்கா அகப்பட்ட சந்தை (3)

இப்போது "முன்னால் இருக்க" என்பது தே எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறது. "அகப்பட்ட" என்பது எழுத்து விளையாட்டையும் நேர்பொருளையும் இணைக்கும் பாலம். பழைய கதையைவிட இது நன்றாகவும் இருக்கிறது: தே ஆறிக்கொண்டிருக்க அக்கா ஏன் ஓடினாள்? தம்பி தலையாட்டினார். ஆசிரியர் மட்டும், "தே என்றால் தெய்வம் என்றல்லவா அகராதியில் பொருள்?" என்று முனகினார். அவர் கையில் அப்போது இருந்தது தே ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்.

நியாயமா, அநியாயமா?

இனி என் தீர்ப்புகள். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இலக்கணப் பொருத்தம் தவறக்கூடாது. முதல் குறிப்பில் "வாய்க்குள் இருப்பது" என்றிருந்தது. அதை "வாய்க்குள் இருக்கிறது" என்று எழுதியிருந்தால் வாக்கியம் இன்னும் இயல்பாக ஓடும். ஆனால் இருப்பது பெயர், இருக்கிறது வினைமுற்று. பல் என்ற பெயர்ச்சொல்லுக்கு அது நேர்பொருள் ஆகாது. இதை அற்ப விஷயம் என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன், அவர்கள் புதிரையும் போட மாட்டேன்.

கலைக்கும் எழுத்து கண்முன் இருக்க வேண்டும். "குழம்பிப்போன பட்டணம்" என்று எழுதிவிட்டு, பட்டணம் என்றால் நகரம், நகரத்தைக் கலைத்தால் நரகம் என்று விளக்கம் சொன்னால் அது அநியாயம். எந்தச் சொல் என்றே தெரியாமல் எதைக் கலைப்பது? தலையை எடுக்கவோ வாலை வெட்டவோ ஒரு படி மறைமுகமாகப் போகலாம். கலைப்பதற்குக் கூடாது.

தமிழில் எல்லாரும் இடறும் இடம் இன்னொன்று. கவலையைக் கலைத்தால் கலவை வருமா? காதுக்கு வருவதுபோல் இருக்கும். எழுதிப் பாருங்கள். க, வ, லை ஒரு பக்கம், க, ல, வை இன்னொரு பக்கம். "லை"யும் "வை"யும் வேறு எழுத்துகள். ஐகாரத்தை மட்டும் கழற்றி வேறிடத்தில் மாட்ட முடியாது. அதேபோல் சிங்கப்பூருக்குள் ஊர் ஒளிந்திருக்கிறது என்று குறிப்பு எழுதினால் தப்பு. கட்டத்தில் இருப்பது "பூ", "ர்". ஊர் அங்கே பொருளில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. எழுத்து என்பது முழு எழுத்துதான் என்பதற்கு எனக்குச் சாட்சி திருஞானசம்பந்தர். 7ஆம் நூற்றாண்டிலேயே "யாமாமா நீ யாமாமா" என்று தொடங்கி மாலைமாற்றாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்று. அங்கே யா, மா, நீ எல்லாம் முழுசாகத்தான் திரும்புகின்றன.

வேற்றுமை உருபு கொஞ்சம் வழுக்கலான இடம். "சாவியைத் திருப்பினால்" என்பதில் நாம் திருப்புவது சாவி, "சாவியைத்" அல்ல. "பாசத்துக்குள்" என்பதில் நுழைவது பாசம் என்ற சொல்லுக்குள். உருபைக் கழற்றிவிட்டு அகராதிச் சொல்லை எடுத்துக்கொள்வது தமிழுக்கு இயல்பு, இதை நான் ஏற்கிறேன். ஆனால் ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடும் வகையில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே எழுதப்பட்ட எழுத்து எதுவோ அதுதான் கணக்கு, சந்தியில் வரும் ஒற்றும் சேர்த்து. நடுவில் ஒரு "த்" முளைத்துவிட்டு, அதை விட்டுவிடுங்கள் என்றால் எப்படி?

ஒலிக் குறிப்பில் ர, ற இரண்டும் இன்றைய பேச்சில் பலருக்கு ஒன்றாகவே ஒலிப்பதால் அரை, அறை ஆட்டம் செல்லும். மழையும் மலையும் ஒரே ஒலி என்று குறிப்பு எழுதினால் எங்கள் ஆசிரியர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் அப்படித்தான் எழுதுகிறோம் என்று யாரும் சொல்வதில்லையே.

கடைசியாக வட்டார வழக்கு. வெள்ளி, தே, கோப்பி, தேக்கா இவை நம் அன்றாடச் சொற்கள். இங்கே உள்ளவர்களுக்கு எழுதும்போது இவை முழுக்க நியாயம். அகராதியில் இல்லை என்பதற்காகத் தள்ள வேண்டியதில்லை. ஊர்க்காரர்களும் அவிழ்க்கப்போகிறார்கள் என்றால் குறிப்பிலேயே ஒரு கை காட்ட வேண்டும். "சிங்கப்பூர்ப் பணம்" என்று நான் எழுதியது அதற்குத்தான். வெறும் "பணம்" என்று விட்டிருந்தால் என் மாமாவுக்குச் செய்த துரோகம். தேக்கா குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. அதை ஊருக்கு அனுப்புவதானால் "சிங்கப்பூர்ச் சந்தை" என்று திருத்தித்தான் அனுப்ப வேண்டும்.

கை பழக நான்கு

ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். கீழே விடை இருக்கிறது, பார்வையை அங்கே போகவிடாதீர்கள்.

தரம் கெட்ட தேர் (3)

ரசம் குழம்பினால் பூக்கடையில் தொடுப்பது (3)

மரத்துக்குள் ஒன்று, தை மாத ராசி (4)

பாட்டைத் தொடரும் வடகாற்று இடுப்பில் கட்டுவது (3)

முதலாவது ரதம். தரம் என்ற சொல் கெட்டுப்போய் ரதமாகிறது, தேர் நேர்பொருள். மூன்றே சொல்லில் ஒரு குறிப்பு. இரண்டாவது சரம். ரசத்தையும் குழம்பையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் யாருக்கும் சமையலறைதான் ஞாபகம் வரும், பூக்கடை வராது. மூன்றாவது மகரம். மரம் என்ற சொல்லுக்குள் ஒன்றுக்கு உரிய "க". நான்காவது பாவாடை. பாட்டுக்குப் பா, வடகாற்றுக்கு வாடை. "தொடரும்" என்பது எது முன்னால், எது பின்னால் என்று சொல்கிறது.

நான்காவதை எங்கள் ஆசிரியர் இன்னும் ஏற்கவில்லை. இடுப்பில் கட்டுவது வேட்டியாகவும் இருக்கலாம், கைலியாகவும் இருக்கலாம், நேர்பொருள் துல்லியமில்லை என்கிறார். எழுத்து விளையாட்டு பாவாடையை மட்டும்தானே தருகிறது என்கிறேன் நான். தம்பி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "சிறுமிகள் இடுப்பில் கட்டுவதுன்னு மாத்திடுங்கண்ணே" என்றார். மாற்றலாம்தான். பாட்டு, வடகாற்று, சிறுமிகள் என்று கதையும் நன்றாகத்தான் சேர்கிறது. அடுத்த சனிக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.